மணல் தாங்கும் எடை

1940 ஜூன் 10 அன்று இத்தாலி போரில் இறங்கியது. லிபியா அப்போது இத்தாலியின் கையில் இருந்தது. எகிப்தில் பிரிட்டிஷ் படை. கடலோரத்து ஒடுங்கிய நிலத்தை விட்டால் தெற்கே நெடுந்தொலைவுக்கு ஆளில்லாத பாலைவனம். அதற்குள் புகுந்து எதிரியின் நடமாட்டத்தைக் கவனித்து வர ஒரு சிறு படை வேண்டும் என்று ரால்ஃப் பேக்னால்ட் என்ற மேஜர், தளபதி வேவலிடம் கேட்டார். பின்னாளில் இந்தியாவுக்கு வைஸ்ராயாக வந்த அதே வேவல்தான். அனுமதி உடனே கிடைத்தது. ஆறு வாரத்தில் படை தயாராக வேண்டும் என்பது ஏற்பாடு.

அந்தப் படைக்கு பேக்னால்ட் எடுத்த வண்டிகளைப் பார்த்தால் இன்றைய ஜீப் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள். சரக்கு ஏற்றும் சாதாரண ஷெவர்லே லாரிகள், ஒன்றரை டன் சுமைக்கு உரியவை. எஞ்சினின் இழுவை பின்சக்கரங்களுக்கு மட்டும். லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப் என்று பிறகு பெயர் பெற்ற அந்தப் படை இந்த லாரிகளில்தான் உலகின் மிகக் கடினமான மணல்வெளிகளில் ஒன்றைக் கடந்து போய்வந்தது. 1941இல் நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர்டு லாரிகள் வந்தன. கனமான அந்த வண்டிகள் பெட்ரோலை ஏறத்தாழ இரண்டு மடங்கு குடித்தன. 1942இல் படை மறுபடியும் பின்சக்கர இழுவை ஷெவர்லேவுக்கே திரும்பியது.

நீண்ட பாலைவனப் பயணத்துக்கு வண்டி வாங்க நினைப்பவர் இந்த வரலாற்றிலிருந்து தொடங்குவது நல்லது. பெரும்பாலோர் குதிரைத்திறனிலும் நான்கு சக்கர இழுவையிலும் தொடங்குகிறார்கள். அவை தேவையற்றவை என்று நான் சொல்லவில்லை. அவற்றுக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: எவ்வளவு எடையை, எவ்வளவு பரப்பில், எந்த மாதிரி மணல்மேல் வைக்கப்போகிறோம்? வண்டித் தேர்வும், தயாரிப்பும், வழியில் செய்யும் ஒவ்வொரு முடிவும் இந்தக் கேள்வியிலிருந்துதான் கிளைக்கின்றன.

மணலிலிருந்தே தொடங்குவோம். காய்ந்த மணலில் மணிகளை ஒட்டவைக்கும் பசை எதுவும் இல்லை. ஒரு மணி இன்னொன்றின்மேல் உராய்வதால் மட்டுமே அது எதையும் தாங்குகிறது. இந்த உராய்வு மேலிருந்து வரும் அழுத்தத்தைப் பொறுத்தது. ஆழத்தில் இருக்கும் மணலை அதன் மேலுள்ள மணலே அழுத்திப் பிடித்திருப்பதால் அங்கே உறுதி உண்டு. மேற்பரப்பில் அப்படி அழுத்த எதுவும் இல்லை. சக்கரம் அங்கே இறங்கும்போது அடியிலுள்ள மணல் பக்கவாட்டில் பிதுங்கி, பாரம் இல்லாத இடத்தை நோக்கி ஓடுகிறது. சக்கரம் புதைகிறது.

ஆனால் எல்லா மணலும் ஒரே அளவில் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரே அளவான உருண்டைகளை ஒரு பாத்திரத்தில் கொட்டிக் குலுக்கி நெருக்கினால் இடத்தின் 64 விழுக்காட்டை அவை நிரப்பும். மெல்லப் பெய்து குலுக்காமல் விட்டால் 55 விழுக்காட்டளவில் நின்றுவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பாரம் வைத்தால்தான் வேறுபாடு தெரியும். நெருங்கி அடைந்த மணல் உருமாற வேண்டுமென்றால் மணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் நகர முடியும்; அப்போது மொத்தக் கொள்ளளவு பெருக வேண்டும், மேலே இருக்கும் பாரத்தையும் தூக்க வேண்டும். அதனால் அது கல்போல் எதிர்க்கிறது. ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1885இல் விளக்கிய பண்பு இது. ஈரக் கடற்கரையில் கால் வைத்ததும் பாதத்தைச் சுற்றி மணல் ஒரு நொடி வெளுத்துக் காய்ந்ததுபோல் தெரிவதற்கும் இதுவே காரணம்: அழுத்தத்தில் மணல் விரிகிறது, மேலே நின்ற நீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. தளர்ந்து கிடக்கும் மணலுக்கு இந்த எதிர்ப்பு இல்லை. மணிகள் பக்கத்து வெற்றிடங்களில் சரிந்து விழ, பாரம் கீழே போகிறது.

பாலைவனத்தில் எங்கே எந்த மணல் இருக்கும்? இதைக் கண்டறிந்து எழுதியவரும் பேக்னால்ட்தான். 1926இல் எகிப்துக்கு மாற்றலாகி வந்த பொறியாளரான அவர், விடுமுறை நாட்களில் நண்பர்களோடு பழைய ஃபோர்டு மாடல் டி கார்களில் சினாயிலும் பாலஸ்தீனத்திலும் சுற்றினார். அடுத்து மேற்கே திரும்பினார். அங்கே எகிப்துக்கும் லிபியாவுக்கும் நடுவில் பெருமணற்கடல் விரிந்து கிடக்கிறது. மணற்குன்றுகள் வடக்கிலிருந்து தெற்காக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். சில 100 மீட்டர் உயரம். 1874இல் ஜெர்மானியப் பயணி கெர்ஹார்ட் ரோல்ஃப்ஸ் ஒட்டகங்களோடு இதைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடக்க முயன்று, குன்றுகளை வெட்டிக் கடக்க முடியாமல், அவற்றின் இடைவெளி வழியே வடக்கே சீவா பாலைவனச்சோலைக்குப் போய்ச் சேர்ந்தார். ஒட்டகம் திரும்பிய இடத்தில் 1930இல் பேக்னால்ட் காரோடு போய் நின்றார்.

குன்றின் சுவர் எதிரே தெரிந்தபோது அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. மணிக்கு 65 கிலோமீட்டர் அளவில் நேராக அதன்மேல் செலுத்தினார். வண்டி புதையாமல் ஏறிக் குன்றின் தோளில் போய் நின்றது. துணிச்சலால் மட்டும் நடந்த காரியம் இல்லை இது. மணல் அந்தப் பக்கத்தில் உறுதியாக இருந்தது. ஏன் உறுதியாக இருந்தது என்ற கேள்வி அவரை விடவில்லை. 1935இல் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் தன் கையாலேயே ஒரு காற்றுச் சுரங்கம் கட்டி மணலைப் பறக்கவிட்டுப் பார்த்தார். காற்றில் பறக்கும் மணி தாவித் தாவிப் போகிறது. ஒவ்வொரு முறை விழும்போதும் கீழே கிடக்கும் மணிகளைச் சம்மட்டிபோல் அடித்து இடைவெளிகளில் செருகுகிறது. காற்றை எதிர்கொண்ட சரிவு இப்படி நாள்தோறும் அடிபட்டு நெருங்கி இறுகுகிறது. உச்சியைத் தாண்டியதும் மணல் காற்றின் பிடியை விட்டு மறைவுப் பக்கத்தில் விழுந்து சரிகிறது. அங்கே அதை அடித்து இறுக்க எதுவும் இல்லை. ஏறத்தாழ 33 பாகைச் சாய்வில், விழுந்தது விழுந்தபடி, தளர்ந்து கிடக்கும். ஒரே குன்றில் ஒரு பக்கம் லாரி ஓடும். மறுபக்கத்தில் அதே லாரி ஆக்சில் வரை அமிழும்.

இதைத் தெரிந்துகொண்ட ஓட்டுநர் நிழலைப் பார்த்து, மணலின் வரிகளைப் பார்த்து, காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது என்று கணித்து வழி எடுக்கிறார். உச்சிக்கு வரும்போது வேகத்தைத் தணித்து, நின்று, இறங்கி மறுபுறம் பார்க்கிறார். உறுதியான சரிவில் வேகமாக ஏறி, உச்சியைத் தாண்டி, கீழே தளர்மணல் என்று தெரியாமல் பாய்வதுதான் பாலைவன விபத்துகளில் மிகக் கொடியது. பேக்னால்டின் ஆய்வு 1941இல் நூலானது. 1944இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 2015இல் செவ்வாயில் கியூரியாசிட்டி ஊர்தி ஆராய்ந்த கருமணல் குன்றுகளுக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

மணல் நம் கையில் இல்லை. வண்டி தரையை அழுத்தும் விதம் நம் கையில் இருக்கிறது.

சுமையோடு 3000 கிலோ நிற்கும் ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். சக்கரத்துக்கு 750 கிலோ. டயருக்குள் 36 பவுண்டு காற்று, அதாவது சதுர செண்டிமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. டயர் மெல்லிய பலூனாக இருந்தால் உள்ளே இருக்கும் காற்றழுத்தமே தரையின் மேல் விழும் அழுத்தமும் ஆகும்; டயரின் பக்கச்சுவர் விறைப்பால் கணக்கு கொஞ்சம் மாறினாலும் அடிப்படை இதுதான். 750 கிலோவைத் தாங்க 300 சதுர செண்டிமீட்டர் தரையில் படிய வேண்டும். காற்றை 18 பவுண்டுக்கு இறக்கினால் 600 சதுர செண்டிமீட்டர் படியும். ஒரு பைசா செலவில்லாமல் தரையழுத்தம் பாதியாகிவிட்டது.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. காற்று இறங்கும்போது டயரின் படிவு அகலத்தில் கொஞ்சம்தான் கூடுகிறது. நீளத்தில்தான் அதிகம் கூடுகிறது. இது நமக்குச் சாதகம். மணலில் ஓடும் சக்கரம் தன் முன்னால் ஒரு மணல் திட்டை எப்போதும் தள்ளிக்கொண்டே போகிறது. சக்கரம் அகலமானால் அந்தத் திட்டும் அகலமாகும், தடையும் கூடும். படிவு நீண்டால் அதே பாரத்தைத் தாங்கும் பரப்பு கிடைக்கும், முன்னால் தள்ள வேண்டிய மணல் மட்டும் கூடாது. அதனால் மணலுக்குத் தேவை விட்டம் பெரிய, பக்கச்சுவர் உயர்ந்த டயர். இன்றைய சொகுசு ஜீப்புகளில் பெரிய அலாய் சக்கரமும் அதன்மேல் பட்டைபோல் ஒட்டிய மெல்லிய டயரும் வருகின்றன. அதில் இறக்குவதற்குக் காற்றே இல்லை. இறக்கினால் ரிம் தரையில் இடிக்கும். நீண்ட பயணத்துக்கு வண்டி பார்க்கப் போகிறவர் முதலில் சக்கரத்தைப் பார்க்கட்டும். 16 அல்லது 17 அங்குல ரிம், அதன்மேல் உயர்ந்த டயர் என்றால் பேச்சைத் தொடரலாம்.

காற்றை இறக்கிய டயருக்கு ஒரு விலை உண்டு. பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. அந்த மடக்கம் வெப்பமாகிறது. மணலில் மெதுவாகப் போகும்வரை பாதகமில்லை. அதே காற்றோடு தார்ச்சாலையில் வேகமெடுத்தால் டயர் உள்ளிருந்தே வெந்து கிழியும். திருப்பத்தில் முரட்டுத்தனமாக ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். ஆகவே நல்ல அழுத்தமானியும், பேட்டரியில் ஓடும் சிறிய கம்ப்ரஸரும் கையில் இல்லாமல் மணலுக்குள் இறங்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து சில கிலோதான் இருக்கும். தயாரிப்புக்கென்று செலவிடும் பணத்தில் இதைவிடப் பயன்தரும் செலவு எனக்குத் தெரிந்து வேறில்லை.

இந்தக் கணக்கைத் தனி அறிவியலாகவே வளர்த்தவர் போலந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பொறியாளர் மெச்சிஸ்வாவ் பெக்கர். தகடுகளை மண்ணில் அழுத்தி, எவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு அமிழ்கிறது என்று அளந்து, எந்த மண்ணில் எந்தச் சக்கரம் எவ்வளவு புதையும் என்பதைச் சூத்திரங்களாக்கினார். அவருடைய நூல் 1956இல் வந்தது. 1971இல் அப்பல்லோ 15 விண்வெளி வீரர்கள் நிலவில் ஓட்டிய ஊர்தியை உருவாக்கியதிலும் அவர் பங்கு உண்டு. ரப்பர் இல்லை, காற்று இல்லை. பியானோ கம்பிகளைப் பின்னிச் செய்த சக்கரம், பாரத்தில் தானே தட்டையாகித் தரையில் படியும். இத்தனை அறிவு இருந்தும் மணல் ஏமாற்றியது. 2005 ஏப்ரலில் ஆப்பர்சூனிட்டி ஊர்தி செவ்வாயின் ஒரு சிறிய மணல் அலையில் சிக்கி ஐந்து வாரத்துக்கு மேல் நின்றது. 2009இல் ஸ்பிரிட் மேலே இறுகிய ஓட்டை உடைத்துக்கொண்டு அடியில் இருந்த தளர்மண்ணில் இறங்கியது. கடைசிவரை வெளியே வரவில்லை. இரண்டுக்கும் ஆறு சக்கரம், ஆறிலும் மோட்டார்.

இனி நான்கு சக்கர இழுவைக்கு வருவோம். சுழலும் சக்கரம் மணலைப் பின்னுக்குத் தள்ளித்தான் வண்டியை முன்னே நகர்த்துகிறது. அந்த வேலையை இரண்டு சக்கரங்களுக்குப் பதில் நான்கு பகிர்ந்துகொண்டால் ஒவ்வொன்றும் மணலைக் குறைவாகக் கலைக்கும், குறைவாக வழுக்கும். இது உண்மையான நன்மை. ஆனால் சாதாரண டிஃபரன்ஷியல் இரு பக்கச் சக்கரங்களுக்கும் சம முறுக்குவிசையைத்தான் தரும். ஒரு சக்கரம் பிடிப்பில்லாமல் சுற்றினால், மற்றதற்கும் அந்த அற்ப விசைதான் போகும். நான்கு சக்கர இழுவை என்று பெயர் இருந்தும் குறுக்காக இரண்டு சக்கரங்கள் காற்றில் சுற்ற வண்டி அசையாமல் நிற்பது இதனால்தான். பின் ஆக்சிலில் டிஃபரன்ஷியல் பூட்டு இருந்தால் இந்தத் தொல்லை தீரும். வாங்கும்போதே அதைக் கேட்டு வாங்குவது நல்லது. லோ கியரும் வேண்டும். கல் நிலத்தில் கிளட்சைக் காப்பாற்றுவது அதுதான்.

1940களின் நான்கு சக்கர இழுவைப் பெட்டிகள் மிகக் கனமானவை, இன்று அந்த எடை பெரிதும் குறைந்துவிட்டது. ஆகவே இன்று நான்கு சக்கர இழுவை வண்டியை வாங்குவதே சரி. ஷெவர்லே கதை சொல்லும் பாடம் வேறு இடத்தில் இருக்கிறது: வண்டியில் ஏற்றும் ஒவ்வொரு நல்ல பொருளும் எடையாகவும், அந்த எடையை இழுக்கும் எரிபொருளாகவும், அந்த எரிபொருளே மறுபடியும் எடையாகவும் திரும்பி வரும்.

எண்களாகவே பார்க்கலாம். இரண்டு பேர், அடுத்த எரிபொருள் 1000 கிலோமீட்டர் தள்ளி. தார்ச்சாலையில் 100 கிலோமீட்டருக்கு 11, 12 லிட்டர் குடிக்கும் டீசல் வண்டி மென்மணலில் 20 லிட்டர் கேட்கும். 200 லிட்டர், மேலும் கால்பங்கு கையிருப்பு. 250 லிட்டர் டீசல் 210 கிலோ. ஆளுக்கு நாளொன்றுக்கு 6 லிட்டர் தண்ணீர், பத்து நாளுக்கு 120. ஆபத்துக்கு இன்னும் 20. ஆட்கள் 150 கிலோ. உணவு 30. மாற்று டயர் இரண்டு ரிம்மோடு 70. கருவிகளும் உதிரிபாகங்களும் 60. படுக்கை, கூடாரம், அடுப்பு 50. கூட்டினால் 710 கிலோ. பல ஜீப் வகை வண்டிகளின் சுமைத்திறன் 600இலிருந்து 800 கிலோ வரை. அதாவது உயிர் வாழத் தேவையானதை ஏற்றியதுமே வண்டி நிறைந்துவிட்டது.

கடையில் "எக்ஸ்பெடிஷன்" என்ற பெயரில் விற்பவை இதற்கு மேல் வருபவை. இரும்பு பம்பர் 70 கிலோ, வின்ச் 40, கூரைச் சட்டம் 40, கூரைக் கூடாரம் 60, இரண்டாம் பேட்டரி 25, பின்னால் இழுப்பறைப் பெட்டிகள் 60. இன்னொரு 295 கிலோ. வின்ச்சின் கம்பியை மரம்போல் அசையாத ஒன்றில் கட்டித்தான் வண்டியை இழுக்க வேண்டும். பெருமணற்கடலில் மரம் ஏது? மாற்றுச் சக்கரத்தை ஆழக் குழிவெட்டிப் புதைத்து அதில் கட்டலாம் என்பது உண்மை. அந்தக் குழிவெட்டும் நேரத்தில் மண்வெட்டியால் வண்டியையே விடுவித்துவிடலாம். காட்டுக்கும் சேற்றுக்கும் வின்ச் அருமையான கருவி. மணலுக்கு அது 40 கிலோ.

பேக்னால்ட் நேர்மாறான வழியில் போனார். மாடல் டி-க்குப் பிறகு அவர் எடுத்த மாடல் ஏ ஃபோர்டின் எஞ்சின் 40 குதிரைத்திறன்தான். அதைக் கூட்ட அவர் முயலவில்லை. தொழிற்சாலை பூட்டி அனுப்பியவற்றில் தேவையற்றதைக் கழற்றினார். கனத்த உடற்பகுதிக்குப் பதில் எளிய மரப்பெட்டி வைத்தார். மீந்த எடை முழுவதும் பெட்ரோலுக்கும் தண்ணீருக்கும் போனது. புதைந்தால் மீள, கெய்ரோவில் பழைய இரும்புக் கடை ஒன்றில், முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளுக்குக் கூரை போடச் செய்த குழிவான எஃகுத் தகடுகளை வாங்கினார். புதைந்த சக்கரத்தின் முன்னால் மணலைத் தோண்டி அதைச் செருகினால், சக்கரத்துக்கு ஓடத் தடமும் பிடிப்பும் ஒன்றாகக் கிடைக்கும். இன்று ஜீப் பிரியர்கள் வாங்கும் நிறநிறமான பிளாஸ்டிக் பலகைகள் இதன் பேரப்பிள்ளைகள். எடை குறைவு, வேலை அதே.

எடை எவ்வளவு என்பதோடு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். வண்டியின் இடது, வலது சக்கரங்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர், எடைமையம் தரையிலிருந்து 75 செண்டிமீட்டர் என்றால், அசைவில்லாமல் நிற்கும்போது 45 பாகை வரை சாய்ந்தாலும் கவிழாது என்று வடிவக்கணிதம் சொல்லும். கூரையில், இரண்டு மீட்டர் உயரத்தில், 150 கிலோ ஏற்றுங்கள். எடைமையம் 81 செண்டிமீட்டருக்கு ஏறிவிடும். எல்லை 43 பாகைக்கு இறங்கும். இரண்டு பாகைதானே என்று தோன்றும். ஆனால் இது ஸ்பிரிங் அமுங்காத, குலுக்கம் இல்லாத, காகிதத்துக் கணக்கு. ஓடும் வண்டியில் கீழ்ப்பக்கத்து ஸ்பிரிங் அமுங்குகிறது, டயர் நசுங்குகிறது, கீழ்ச்சக்கரம் மணலில் இறங்குகிறது. எல்லாம் ஒரே திசையில் கூடுகின்றன. தண்ணீரும் எரிபொருளும் முடிந்தவரை தரைக்கு அருகில், இரண்டு ஆக்சில்களுக்கு நடுவில் இருக்க வேண்டும். கூரையில் படுக்கைத் துணியும் மணல் பலகையும் போதும்.

பாலைவனம் முழுவதும் மணல் என்று நினைப்பது தவறு. பெரும்பகுதி சரளைக்கல் வெளியும் பாறையும்தான். அங்கே ஓடும் மண்சாலைகளில் குறுக்கே வரிவரியாக, துணி துவைக்கும் பலகைபோல் அலைகள் எழுந்திருக்கும். வண்டிகளே இவற்றை உண்டாக்குகின்றன. தளர்ந்த தரையில் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஓடும் சக்கரம் சிறு மேட்டைக்கூடத் தாவி, அடுத்து விழும் இடத்தில் குழி பறிக்கிறது. அடுத்த வண்டி அதை ஆழமாக்குகிறது. ஸ்பிரிங் இல்லாத சக்கரத்தாலும், கடினமான உருளையாலும்கூட இந்த அலைகள் எழும் என்பதை 2007இல் டாபர்லெ, மாரிஸ், மெக்எல்வெயின் ஆகியோரின் ஆய்வு காட்டியது. அலைக்கு அலை முக்கால் மீட்டர் என்று வையுங்கள். 60 கிலோமீட்டர் ஓடினால் ஒவ்வொரு சக்கரமும் 80,000 முறை அடி வாங்குகிறது. அந்த அடியின் ஆற்றலை ஷாக் அப்சார்பர் உள்ளிருக்கும் எண்ணெயில் வெப்பமாக்கித் தீர்க்க வேண்டும். எண்ணெய் மிகவும் சூடாகிவிட்டால் நுரைத்து வலுவிழக்கும். அப்போது அடி முழுவதும் சேஸிக்கும் பற்றவைப்புகளுக்கும் போகும். கூரைச் சட்டத்தின் கால் முறிவதும், பேட்டரித் தட்டு விரிசல் விடுவதும், ஸ்பிரிங் பட்டை ஒடிவதும் ஒரே பெரிய அடியால் நடப்பதில்லை. இந்த எண்ணற்ற சிறு அடிகளால் உலோகம் களைத்து நடப்பவை. சுமை கூடக்கூட ஒவ்வொரு அடியும் பெரிதாகிறது.

ஆகவே புறப்படும் முன் நல்ல ஷாக் அப்சார்பர் போட்டு, சுமைக்கு ஏற்ற பட்டை வைத்து, ஒவ்வொரு நாள் மாலையும் வண்டிக்கடியில் படுத்து நட்டுகளைத் தொட்டுப் பார்ப்பது வழக்கமாக வேண்டும். இந்தச் சாலைகளிலும் டயர் காற்றைக் கொஞ்சம் இறக்குவது உதவும். முதல் அடியை டயரே வாங்கிக்கொள்ளும்.

வெப்பத்தைப் பற்றி ஒரு சிறு கதை. பேக்னால்ட் காலத்து ரேடியேட்டர்களுக்கு அழுத்த மூடி கிடையாது. நீர் 100 பாகையில் கொதித்து, வழியும் குழாய் வாயிலாக ஆவியாய்ப் போய்விடும். குடிக்கும் நீரையே ரேடியேட்டருக்கும் ஊற்ற வேண்டிய பாலைவனத்தில் இது உயிர்ப்பிரச்சினை. அவர் அந்தக் குழாயை நீட்டி, வண்டியின் பக்கவாட்டுப் படியில் கட்டிய, பாதி நீர் நிரப்பிய டப்பாவுக்குள் விட்டார். ஆவி அந்த நீரில் குளிர்ந்து நீராகிவிடும். ஒரு லிட்டர் நீருக்குரிய ஆவியைக் குளிரவைக்க, 30 பாகையில் இருக்கும் நீர் ஏழு, எட்டு லிட்டர் வேண்டும். அதனால் சற்று நேரத்தில் டப்பாவும் கொதிக்கும். அப்போது வண்டியைக் காற்றுக்கு முகம் திருப்பி நிறுத்துவார்கள். எஞ்சின் ஆறியதும் ரேடியேட்டருக்குள் வெற்றிடம் உண்டாகி, டப்பாவில் சேர்ந்த நீர் முழுவதையும் அதுவே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஒரு சொட்டும் வீணாவதில்லை. இன்று பல கார்களில் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவும் இதே முறையில்தான் வேலை செய்கிறது. பயணத்துக்கு முன் ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வளையத்தையும் குழாய்களையும் புதிதாக மாற்றிவிடுங்கள். செலவு பெரிதில்லை.

தூசியும் எரிபொருளும் மிச்சம். மணலின் குவார்ட்ஸ் துகள் எஞ்சின் சிலிண்டரின் இரும்பைவிடக் கடினமானது. காற்று வடிகட்டியில் ஒரு பிளவு இருந்தாலே எஞ்சின் ஆயுள் தேய்ந்துபோகும். மாற்று வடிகட்டி ஒன்றேனும் கையில் இருக்கட்டும். எரிபொருளில் இன்னொரு சிக்கல் புதிதாக வந்திருக்கிறது. இந்தியாவில் இப்போது விற்கும் பிஎஸ்-6 டீசல் வண்டிகள் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் கந்தகம் இல்லாத டீசலுக்காகச் செய்யப்பட்டவை. உலகின் பல மூலைகளில் கிடைக்கும் டீசலில் கந்தகம் அதைப்போல் பல மடங்கு. அது புகைபோக்கியில் உள்ள நுண்துகள் வடிகட்டியையும் வினையூக்கியையும் கெடுக்கும். எச்சரிக்கை விளக்கு எரிந்து எஞ்சின் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எல்லை கடந்து போகும் எண்ணம் உள்ளவர்கள் வழியில் உள்ள நாடுகளின் டீசல் தரத்தை விசாரித்த பிறகே வண்டியைத் தீர்மானிக்க வேண்டும்.

எந்த நிறுவனம், எந்த மாடல் என்று கேட்பவர்களுக்கு: போகும் வழியில் உள்ள ஊர்களில் எந்த வண்டி அதிகம் ஓடுகிறதோ அதுவே நல்ல வண்டி. அதற்குத்தான் உதிரிபாகமும் கிடைக்கும், கைவைக்கத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார்.  ஒரே மாடல் வண்டிகளாக எடுத்துப் போனால் ஒரு தொகுப்பு உதிரிபாகம் எல்லாவற்றுக்கும் உதவும். ஒன்று அடியோடு பழுதானாலும் மற்றதில் ஏறித் திரும்பலாம். மென்மணலுக்குள் ஒற்றை வண்டியாக யாரும் போகக் கூடாது.

வண்டி தயாரானதும், டாங்க் நிறைய எரிபொருள், கேன் நிறையத் தண்ணீர், ஆட்கள், கருவிகள், உணவு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அருகில் உள்ள லாரி எடைமேடைக்குப் போங்கள். முன்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு சீட்டு, முழு வண்டிக்கு ஒரு சீட்டு. கழித்தால் பின் ஆக்சிலின் எடை வரும். அந்த எண்களைக் கதவுத்தூணில் ஒட்டிய தகட்டில் உள்ள எல்லையோடும், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையோடும் ஒப்பிடுங்கள். மிகுந்திருந்தால், ஸ்பிரிங் பட்டையைக் கூட்டிப் போடச் சொல்லி மெக்கானிக்கிடம் போகாதீர்கள். அதனால் ஆக்சிலும் பிரேக்கும் சேஸியும் வலுப்பெறப் போவதில்லை. பொருட்களை இறக்குங்கள். முதலில் கூரையில் இருப்பவற்றை.